பேசாத நோயாளியும் பழகாத கைகளும்

வைத்தியம் கற்க வரும் எவரும் முதல் நாளிலேயே கைதேர்ந்தவராகிவிடுவதில்லை. முதன்முதலாகக் கத்தியைப் பிடிக்கும்போது கை நடுங்கும். முதன்முதலாக ஊசி ஏற்றும்போது நாளம் தப்பிவிடும். இது எல்லா வைத்தியத்துக்கும் பொதுவான விதி. ஆயினும் மனிதருக்கு நோகும்போது சொல்ல வாய் இருக்கிறது. அவர் சொல்லாவிட்டாலும் அருகில் நிற்கும் உறவினர் கேட்பர். மாட்டுக்கும் குதிரைக்கும் நாய்க்கும் அந்த வசதி இல்லை. பழகாத கையின் பிழையை அவை உடலில் வாங்கிக்கொண்டு பேசாமல் நிற்கும், இல்லையேல் செத்துப்போகும்.

ஆகவே மிருக வைத்தியக் கல்வி தோன்றிய நாளிலிருந்து அதன் அடியில் ஒரு கேள்வி கிடக்கிறது. மாணவனின் முதற் பிழைக்கு விலை கொடுப்பது யார்? மெழுகு, காகிதக்கூழ், புகைப்படம், கணனி என்று இரண்டரை நூற்றாண்டுக்கு மேலாக அத்துறை ஆசிரியர்கள் கண்டுபிடித்த கற்பித்தற் சாதனங்கள் யாவும் இந்தக் கேள்விக்கு அளிக்கப்பட்ட விடைகள் எனலாம். அவ்விடைகளின் கதையைச் சுருக்கமாகச் சொல்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

வாகடமும் இலாடமும்

கல்லூரிகள் வருவதற்கு முன்னர் இந்த அறிவு எல்லாத் தேசங்களிலும் வழிவழியாகவே வந்தது. எமது ஊர்களில் மாட்டு வாகடங்கள் ஏட்டில் எழுதப்பட்டுப் பரிகாரிமாரின் வீடுகளில் பேணப்பட்டன. பரிகாரியின் பின்னால் நடந்த பிள்ளை எந்தப் பச்சிலையை எதனோடு அரைப்பது, எந்த நோய்க்கு எங்கே குறிசுடுவது என்பதைப் பார்த்துப் பார்த்தே பழகிக்கொண்டது. ஐரோப்பாவில் இந்தப் பணியைப் பெரும்பாலும் இலாடம் அடிக்கும் கொல்லர்கள் செய்தனர். அங்கும் தந்தையின் உலைக்களமே மகனின் பள்ளிக்கூடமாக இருந்தது.

இந்தக் கல்வியைக் குறைவாக மதிப்பிடலாகாது. மாட்டின் நடையையும் சாணத்தையும் கண்ணின் ஒளியையும் பார்த்து நோயைச் சொல்லும் கூர்மை அதிலிருந்து வந்ததே. ஆனால் செத்த மாட்டைத் திறந்து, ஏன் செத்தது என்று உள்ளே பார்த்து, கண்டதை எழுதிவைக்கும் வழக்கம் அதில் வேரூன்றவில்லை. தனியொரு மாட்டின் நோய்க்கு அது போதியதாக இருந்தது. ஒரு தேசத்தின் மாடுகளெல்லாம் ஒருசேர விழுந்தபோது அது கையைப் பிசைந்துகொண்டு நின்றது.

பதினெட்டாம் நூற்றாண்டின் ஐரோப்பாவில் நேர்ந்தது அதுதான். வெக்கை நோய் அலை அலையாக வந்து கோடிக்கணக்கான மாடுகளைக் கொன்றது. உழவுக்கு எருது இல்லை. பிள்ளைகளுக்குப் பால் இல்லை. அரசுக்கு வரி இல்லை. மிருக வைத்தியத்துக்கென ஒரு கல்லூரி வேண்டும் என்ற எண்ணம் மிருகங்களின் மேல் எழுந்த இரக்கத்தால் மட்டும் பிறந்ததன்று. வெறுமையாகிக்கொண்டிருந்த திறைசேரியின் கவலையும் அதன் பின்னால் இருந்தது.

லியோனில் தொடங்கிய பள்ளி

பிரான்சின் லியோன் நகரில் குதிரையேற்றப் பயிற்சிக்கூடம் ஒன்றின் தலைவராக இருந்தவர் கிளோத் பூர்ஜலா. அவர் வைத்தியர் அல்லர். ஆயினும் குதிரையின் உடலைப் பற்றி ஆழ்ந்து கற்று நூல் எழுதியவர். அவருடைய நண்பரான பெர்த்தன் நாட்டின் நிதிப் பொறுப்பாளராக இருந்தமை வாய்ப்பாக அமைந்தது. 1761 ஓகஸ்ட் 4ஆம் திகதி அரச சபையின் அனுமதி கிடைத்தது. 1762இன் தொடக்கத்தில் உலகின் முதலாவது மிருக வைத்தியக் கல்லூரி லியோனில் திறக்கப்பட்டது. சில ஆண்டுகளில் பாரிசுக்கு அருகேயுள்ள அல்போரில் இரண்டாவது கல்லூரியும் எழுந்தது.

பூர்ஜலாவின் கல்லூரியில் கற்பித்தல் நடந்த விதம் அன்றைய பல்கலைக்கழக முறைக்கு மாறானது. மனித வைத்தியம் கற்றோர் பழைய நூல்களுக்கு உரை கேட்டுக்கொண்டிருந்த காலத்தில், லியோன் மாணவர்கள் உலைக்களத்தில் இலாடம் அடித்தனர்; இறந்த குதிரையை அறுத்துப் பார்த்தனர்; வைத்தியசாலைக்கு வந்த மிருகங்களைப் பராமரித்தனர். முன்னே வந்த மாணவர் பின்னே வந்த மாணவருக்குச் சொல்லிக்கொடுத்தனர். கல்லூரி திறந்த அதே ஆண்டிலேயே மாணவர்கள் நோய் பரவிய கிராமங்களுக்கு அனுப்பப்பட்டனர். செய்து கற்றல் என்று இன்று கல்வியியலாளர் எடுத்துரைப்பதை அங்கே வறுமையும் கொள்ளைநோயும் கட்டாயமாக்கியிருந்தன.

ஆனால் செய்து கற்பதற்கு உடல்கள் வேண்டும். இறந்த குதிரை கோடை நாளில் மிக விரைவாக அழுகிவிடும். இன்று கண்ட நரம்பை நாளை காண முடியாது. எனவே அழுகாத உடல் ஒன்று தேவைப்பட்டது.

மெழுகேற்றிய குதிரையும் செப்புத்தகட்டுக் குதிரையும்

அந்தத் தேவைக்கு முதலில் விடை தந்தவர் கல்லூரியின் உடற்கூற்றியல் ஆசிரியரான ஒனொரே பிராகொனார். புகழ்பெற்ற ஓவியர் பிராகொனாரின் ஒன்றுவிட்ட சகோதரர் இவர். இறந்த உடலின் தோலை உரித்து, குருதிக் குழாய்களில் நிறமூட்டிய மெழுகுக் கலவையை ஏற்றி, தசைகளை விரித்து உலரவைத்து, ஆண்டுக்கணக்கில் கெடாத உருவங்களை அவர் ஆக்கினார். உரித்த குதிரையின் மேல் உரித்த மனிதன் அமர்ந்திருக்கும் அவருடைய உருவம் இன்றும் அல்போர் அருங்காட்சியகத்தில் நிற்கிறது. காண்போருக்கு முதலில் அச்சமும் பிறகு வியப்பும் தோன்றும். 1771இல் பூர்ஜலா அவரைப் பதவி நீக்கினார். அவருக்குச் சித்தம் பேதலித்துவிட்டது என்ற பேச்சும் அப்போது எழுந்தது. அவர் செய்த நூற்றுக்கணக்கான உருவங்களுள் இன்று எஞ்சியிருப்பவை இருபத்தொன்று மட்டுமே.

ஏறத்தாழ அதே காலத்தில் கடலுக்கு அப்பால் இங்கிலாந்தில் ஜோர்ஜ் ஸ்டப்ஸ் என்ற ஓவியர் வேறொரு வழியைக் கண்டார். 1756 முதல் ஒன்றரை ஆண்டுக் காலம் லிங்கன்ஷயர் மாவட்டத்தின் ஒதுக்குப்புறமான கிராமம் ஒன்றில் தங்கினார். இறந்த குதிரைகளைக் கொக்கிகளால் தொங்கவிட்டு நிற்பதுபோல் நிறுத்தி, தோல் முதல் எலும்பு வரை படை படையாக உரித்து வரைந்தார். அந்த நாற்றத்தின் நடுவே அவருக்குத் துணையாக நின்றவர் மேரி ஸ்பென்சர் என்ற பெண்மணி. வரைந்தவற்றைத் தாமே செப்புத்தகட்டில் செதுக்கி 1766இல் ‘குதிரையின் உடற்கூற்றியல்’ என்ற நூலாக வெளியிட்டார். பிராகொனாரின் உருவத்தைப் பார்க்க அல்போருக்குப் போக வேண்டும். ஸ்டப்சின் குதிரையோ நூலாக எங்கும் சென்றது. ஓரிடத்தில் அறுக்கப்பட்ட சில குதிரைகள் பல நாட்டு மாணவருக்குப் பாடமாயின.

காகிதக்கூழ்க் குதிரை

ஆயினும் படம் தட்டையானது. பிராகொனாரின் உருவமோ கைபட்டால் உடையும். மாணவன் தானே பிரித்துப் பார்த்து மீண்டும் பொருத்தத்தக்க ஓர் உடல் வேண்டும் என்று எண்ணியவர் லூயி ஒசூ என்ற பிரெஞ்சு வைத்தியர். பாரிசில் மாணவராக இருந்த காலத்தில் அறுத்துப் படிக்கப் போதிய உடல் கிடைக்காத துன்பத்தை அவர் அறிந்திருந்தார். காகிதக்கூழுடன் தக்கைத் தூளும் பசையும் சேர்த்து அச்சில் வார்த்தால் இலேசான, உறுதியான உறுப்புகளைச் செய்யலாம் என்று கண்டார். நோர்மண்டியில் தமது சொந்தக் கிராமத்தில் தொழிற்சாலை அமைத்து, ஊர் மக்களையே அந்தத் தொழிலுக்குப் பழக்கினார்.

முதலில் மனித உடலைச் செய்த ஒசூ, 1840களின் நடுப்பகுதியில் முழு அளவிலான குதிரையைச் செய்தார். அதன் ஒவ்வொரு தசையையும் உறுப்பையும் கழற்றலாம். ஒவ்வொன்றிலும் இலக்கம் ஒட்டப்பட்டிருக்கும். இலக்கத்தைப் பட்டியலில் பார்த்துப் பெயர் அறியலாம். பல்லைப் பார்த்துக் குதிரையின் வயதைச் சொல்லப் பழகுவதற்கென வெவ்வேறு வயதுத் தாடைகளின் தொகுதி ஒன்றையும் அவர் விற்றார். குதிரை வாங்கும்போது தரகர் சொல்லும் வயதை நம்பிக் குதிரைப்படை பணத்தை இழக்காதிருக்க அது உதவியது. பிரெஞ்சு அரசு அவருடைய குதிரைகளை விலைக்கு வாங்கியது. கடல் கடந்த கல்லூரிகளுக்கும் அவருடைய மாதிரிகள் சென்றன.

அழுகாத, உடையாத, ஆயிரம் தடவை பிரித்துப் பொருத்தத்தக்க உடல் கைக்கு வந்தாயிற்று. இனி மாணவனின் பிழைக்கு உயிருள்ள குதிரை விலை கொடுக்க வேண்டியதில்லை என்றே வாசகர் எண்ணுவர். நடந்தது அதுவன்று.

அல்போரின் கறை

1860களில் அல்போர் கல்லூரி ஐரோப்பா முழுவதும் கண்டனத்துக்கு உள்ளானது. வயது முதிர்ந்து பயனற்றுப்போன குதிரைகளைக் கட்டிவைத்து, மாணவர்கள் சத்திரசிகிச்சை பழகுவதற்காக ஒரே குதிரையின் மேல் ஒன்றன்பின் ஒன்றாகப் பல அறுவைகளைச் செய்தனர். அவற்றுக்கு மயக்கமருந்து கொடுக்கப்படவில்லை. ஈதரும் குளோரோபோமும் அறுவைக்கூடங்களுக்கு வந்து பதினைந்து ஆண்டுகளுக்கு மேலாகியிருந்தன என்பது இங்கே நினைவுகூரத்தக்கது. இங்கிலாந்தின் மிருக வதைத் தடுப்புச் சங்கத்தார் மூன்றாம் நெப்போலியனிடம் முறையிட்டனர். பிரான்சஸ் பவர் கொப் என்ற எழுத்தாளர் இச்செய்திகளால் கலங்கி 1863இல் மிருகங்களின் உரிமை குறித்து எழுதினார். பின்னாளில் இங்கிலாந்தில் எழுந்த உயிரறுவை எதிர்ப்பு இயக்கத்துக்குத் தலைமை தாங்கியவரும் அவரே.

ஆசிரியர்களிடம் ஒரு நியாயம் இருந்தது. அதை அறவே தள்ளிவிட முடியாது. காகிதக்கூழ் குருதி சிந்தாது. கத்தியின் கீழ் துடிக்காது. துடிக்கும் உடலின் மேல் உறுதியாக நிற்கும் கையைக் காகிதக்கூழ் தரமாட்டாது என்பது அவர்களுடைய வாதம். உறுப்பு எங்கே இருக்கிறது என்ற அறிவை மாதிரி தந்தது. அந்த உறுப்பில் எப்படிக் கை வைப்பது என்ற பழக்கத்தைத் தரவில்லை. அறிவுக்கும் கைப்பழக்கத்துக்கும் இடையில் இருந்த அந்த இடைவெளியில்தான் அல்போரின் குதிரைகள் கட்டப்பட்டுக் கிடந்தன. ஆனால் மயக்கமருந்து ஏன் கொடுக்கப்படவில்லை என்ற கேள்விக்கு அந்த வாதத்தில் விடை இல்லை. புதிய சாதனம் வந்தவுடன் பழைய கொடுமை தானாக நீங்கிவிடுவதில்லை என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை.

அந்த நீக்கத்தைச் சட்டமே செய்ய வேண்டியிருந்தது. பிரித்தானியப் பாராளுமன்றம் 1876இல் மிருகவதைச் சட்டத்தை இயற்றியபோது, கைத்திறனைப் பெறுவதற்காக உயிருள்ள மிருகத்தின் மேல் பரிசோதனை செய்வதைத் தடுத்தது. அந்நாட்டு மாணவர் நோயுற்ற மிருகங்களுக்கு உண்மையாகச் சிகிச்சையளிக்கும் வைத்தியர்களின் பின்னால் பண்ணை பண்ணையாகச் சென்று கைப்பழக்கம் பெற்றனர். பரிகாரியின் பின்னால் நடந்த பிள்ளையின் கல்வி, கல்லூரிக் கல்வியின் ஒரு பகுதியாக மீண்டும் வந்து சேர்ந்தது.

அசையும் படம்

மனிதக் கண்ணுக்கே எட்டாத ஒன்றைக் கற்பிக்க உதவிய சாதனம் புகைப்படம். நாலுகால் பாய்ச்சலில் ஓடும் குதிரையின் நான்கு குளம்புகளும் ஏதாவது ஒரு கணத்தில் நிலத்தைவிட்டு நீங்குகின்றனவா என்பது நெடுங்காலத் தர்க்கம். 1878இல் கலிபோர்னியாவில் எட்வர்ட் மய்பிரிட்ஜ் பாதையோரம் வரிசையாகப் புகைப்படக் கருவிகளை நிறுத்தி அதற்கு விடை கண்டார். குளம்புகள் நீங்குகின்றன. ஆனால் ஓவியர்கள் தீட்டிவந்ததுபோல் கால்கள் முன்னும் பின்னும் விரிந்திருக்கும் வேளையிலன்று. வயிற்றின் கீழ் மடங்கியிருக்கும் வேளையில்.

பின்னர் 1884 முதல் பென்சில்வேனியாப் பல்கலைக்கழகத்தில் மனிதரும் மிருகங்களும் அசையும் விதத்தை ஆயிரக்கணக்கில் படம்பிடித்து, 1887இல் 781 தகடுகளாக அவர் வெளியிட்டார். அதே பல்கலைக்கழகத்தில் மிருக வைத்தியக் கல்வி தொடங்கியதும் 1884இல்தான். நொண்டும் குதிரையின் எந்தக் காலில் நோ என்று கண்டறிவது இத்துறையின் மிகக் கடினமான பாடங்களுள் ஒன்று. ஓட்டத்தை நிறுத்தி நிறுத்திப் பார்க்கவும், அதே ஓட்டத்தை நூறு பேருக்கு நூறு தடவை காட்டவும் புகைப்படமும் பின்வந்த திரைப்படமும் வழிவகுத்தன. அதற்காக அந்தக் குதிரை நூறு தடவை ஓட வேண்டியதில்லை.

மாணவர் மறுத்தபோது

இருபதாம் நூற்றாண்டிலும் அல்போரின் இடைவெளி முற்றாக மூடப்படவில்லை. மயக்கமருந்து வந்திருந்தது. ஆனால் பல நாடுகளில் ஆரோக்கியமான நாய்களின் மேல் சத்திரசிகிச்சை பழகி, பழகி முடிந்ததும் மயக்கம் தெளியாமலே அவற்றைக் கொன்றுவிடும் வழக்கம் தொடர்ந்தது. 1959இல் ரசல், பேர்ச் என்ற இரு பிரித்தானிய அறிஞர்கள் மிருகங்களைப் பயன்படுத்தும் ஆய்வுக்கு மூன்று நெறிகளை வகுத்தனர். இயன்றவிடத்தில் மிருகத்துக்குப் பதிலாக வேறொன்றைப் பயன்படுத்துக. இயலாவிடத்தில் எண்ணிக்கையைக் குறைக்குக. அதுவும் இயலாவிடத்தில் வேதனையைத் தணிக்குக. ஆய்வுகூடத்துக்காக எழுதப்பட்ட இந்நெறிகள் நாளடைவில் வகுப்பறைக்கும் வந்தன.

1980களில் அமெரிக்காவில் சில மாணவர்களே முன்வந்து, சுகமாக்க வந்த நாம் சுகமாயிருப்பதைக் கொல்ல மாட்டோம் என்று மறுத்தனர். விவகாரம் நீதிமன்றம் வரை சென்றது. அதன்பின் கல்லூரிகள் மாற்றுவழி தேடத் தொடங்கின. இயற்கையாக இறந்த செல்லப்பிராணிகளின் உடலை உரிமையாளர்கள் தானமாகக் கொடுத்தனர். காப்பகங்களில் உள்ள தெருநாய்களுக்குக் கருத்தடைச் சத்திரசிகிச்சை செய்து மாணவர் பழகினர். அந்த நாய் கண்விழித்தது. பின்னர் ஒரு வீட்டுக்கும் போனது. மாணவரின் பழக்கமும் மிருகத்தின் நன்மையும் ஒரே மேசையில் சந்தித்தன.

கண்ணாடியிழைப் பசு

மாட்டு வைத்தியம் பயில்வோர் கட்டாயம் கற்க வேண்டிய ஒரு பரிசோதனை உண்டு. மலக்குடல் வழியாகக் கையை நுழைத்து, குடற்சுவருக்கு அப்பால் கருப்பையையும் சூலகத்தையும் தடவிப்பார்த்துச் சினையைக் கண்டறிவது அது. இங்கே ஆசிரியருக்கு ஒரு விசித்திரமான இடர்ப்பாடு. மாணவரின் கை தோள்மட்டும் பசுவின் உள்ளே இருக்கிறது. அந்த விரல் எதைத் தொடுகிறது என்பதை ஆசிரியர் காண முடியாது. தாம் தொடுவது இன்னதென்று மாணவருக்கும் தெரியாது. இருவருக்குமிடையில் நின்று நோகப்படுவது பசு.

2000களின் தொடக்கத்தில் பிரித்தானிய மிருக வைத்தியரான சேரா பெய்லி, கிளாஸ்கோ பல்கலைக்கழகத்தில் கணனி விஞ்ஞான ஆய்வு மேற்கொண்டபோது இதற்கொரு தீர்வைக் கண்டார். கண்ணாடியிழையால் செய்த பசுவின் பின்னுடல். உள்ளே கணனியுடன் இணைந்த ஒரு கருவிக்கை. மாணவர் தம் விரலை அதில் பொருத்தி அசைக்கும்போது, மெத்தென்ற கருப்பையையும் உருண்டையான சூலகத்தையும் தொடுவதுபோன்ற எதிர்விசையைக் கருவி விரலுக்குத் தருகிறது. அதேவேளை விரல் எங்கே நிற்கிறது என்பதை ஆசிரியர் திரையில் காண்கிறார். இக்கருவியில் பழகியபின் உண்மையான பசுவிடம் சென்ற மாணவர்கள், பழகாமல் சென்றவர்களைவிடத் தெளிவான தேர்ச்சி காட்டினர் என்பது பரிசோதித்து அறியப்பட்டது. காகிதக்கூழ் துடிக்காது என்ற அல்போர் ஆசிரியரின் வாதத்துக்கு ஏறத்தாழ ஒன்றரை நூற்றாண்டின் பின் கிடைத்த விடை இது.

விலை உயர்ந்த இத்தகைய கருவி எல்லா நாட்டுக் கல்லூரிகளுக்கும் கட்டுப்படியாகாது என்ற கேள்வி நியாயமானது. அதற்கும் அவரே வழி சொன்னார் என்பது மனநிறைவைத் தருவது. பின்னர் பிரிஸ்டல் பல்கலைக்கழகத்தில் பணியாற்றியபோது, துணி, கடற்பஞ்சு, வீட்டுப் பாவனைப் பொருட்கள் முதலியவற்றைக் கொண்டு பயிற்சி மாதிரிகளைச் செய்யும் முறைகளை அவரும் அவருடைய குழுவினரும் எவரும் பயன்படுத்தத்தக்க வகையில் இலவசமாக வெளியிட்டனர். தையல் போடப் பழகுவதற்கு உயிருள்ள தோல் வேண்டியதில்லை. வேண்டியது அதை அவ்வாறு கற்பிக்க வேண்டுமென்ற மனம்.

இல்லாத நோயைக் கற்பித்தல்

இக்கல்வியைப் பிறப்பித்த வெக்கை நோயின் முடிவைச் சொல்லாமல் இதை நிறைவுசெய்ய இயலாது. ஏறத்தாழ நாற்பது ஆண்டுகளாக இலங்கையில் இல்லாதிருந்த அந்நோய் 1987இல் வடக்குக் கிழக்கில் மீண்டும் தலைகாட்டியது. இந்திய அமைதிப் படையினரின் உணவுக்கெனக் கொண்டுவரப்பட்ட ஆடுகளோடு அது வந்தது என்று ஆய்வாளர் எழுதியுள்ளனர். போரினால் ஏற்கனவே எல்லாவற்றையும் இழந்துகொண்டிருந்த மக்களின் பட்டிகளில் மாடுகளும் எருமைகளும் மாண்டன. மனித உயிர்களை எண்ணவே பத்திரிகைப் பக்கங்கள் போதாதிருந்த அந்நாட்களில் மாடுகளின் சாவு செய்தியாக மேலெழவில்லை. ஆனால் மாட்டையே முதலாகக் கொண்டிருந்த குடும்பங்களுக்கு அது இரண்டாவது இடப்பெயர்வுக்கு ஒப்பானது. 1994இன் பின் அந்நோய் இலங்கையில் காணப்படவில்லை. 2011இல் உலகம் முழுவதிலுமிருந்தே அது ஒழிக்கப்பட்டதாக அறிவிக்கப்பட்டது. லியோன் கல்லூரியின் 250ஆவது ஆண்டை உலக மிருக வைத்திய ஆண்டாகக் கொண்டாடியதும் அதே 2011இல்தான்.

பெரியம்மைக்கு அடுத்தபடியாக மனித முயற்சியால் உலகிலிருந்து நீக்கப்பட்ட இரண்டாவது நோய் இது. இந்த வெற்றி ஆசிரியர்களுக்கு ஒரு புதிய கடமையையும் விட்டுச் சென்றிருக்கிறது. இன்று கல்லூரியில் கற்கும் எவரும் வெக்கை நோய் கண்ட மாட்டைப் பார்த்ததில்லை. இனிப் பார்க்கவும் கூடாது. ஆயினும் எங்காவது ஆய்வுகூடத்தில் பேணப்படும் கிருமி தப்பினால், அதை முதலில் இனங்காண வேண்டியவர் கிராமத்துப் பட்டிக்குள் நிற்கும் மிருக வைத்தியரே. அவருடைய ஆசிரியருக்கோ காட்டுவதற்கு நோயுற்ற மாடு இல்லை. முன்னையோர் எடுத்துவைத்த படங்களும் படச்சுருள்களும், நோயின் போக்கை ஒரு கதைபோலத் தொடுத்துக் காட்டும் கணனிப் பாடங்களுமே இருக்கின்றன.

மெழுகிலிருந்து கணனி வரை வந்த சாதனங்கள், மாணவனின் பிழையிலிருந்து மிருகத்தைக் காப்பதற்காக ஆக்கப்பட்டவை. இப்போது மறதியிலிருந்து மனிதனைக் காக்கும் பணியும் அவற்றிடம் வந்து சேர்ந்திருக்கிறது. அவை தாமாக எதையும் காத்துவிடமாட்டா என்பதற்கு அல்போரின் குதிரைகளே சாட்சி. ஒசூவின் காகிதக்குதிரையைக் காசு கொடுத்து வாங்கிய அதே நாட்டில்தான் உயிருள்ள குதிரையின் மேல் கத்தி ஓடியது. எந்தக் கல்லூரியிலேனும் புதிய கருவி ஒன்று வந்திறங்கியது என்ற செய்தியைப் படிக்கும்போது, அதன் விலையைக் கேட்பதோடு நில்லாமல், அது வந்தபின் எந்த மிருகம் கட்டவிழ்க்கப்பட்டது என்றும் நாம் கேட்டுப்பார்க்க வேண்டும்.